பத்தாவது சத்தம்

உட்துறைமுக வீதியில், பெண்களை மட்டும் படம் எடுக்கும் ஸ்டூடியோ என்னுடையது. கிண்ணியா, குறிஞ்சாக்கேணிப் பெண்கள் என்னைத் தேடி வருவதற்குக் காரணம் என் கமரா. இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்ததுபோல் பாரம். உள்ளே ஓடுவது பிலிம். ஒரு சுருளில் பத்துப் படம். நானே கழுவி, நானே அச்சிட்டு, நெகட்டிவையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடுவேன். என்னிடம் ஒன்றும் மிஞ்சாது.

மணப்பெண் சுஹைராவுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். போன வருடம் அவளுடைய மச்சியின், மாமி மகளின், கல்யாணப் படம் யார் யாருடைய போனிலோ சுற்றியது. முக்காடில்லாத மணக்கோலத்தில் தனக்கென்று சில படங்கள் வைத்திருக்க ஆசை. அவை வெளியே போகக் கூடாது.

அடியில் விளக்கெரியும் வெளிச்சப் பெட்டியின் மேல் நெகட்டிவ் துண்டுகளைப் பரப்பியதும் அவளுடைய அக்கா றுக்கியா குனிந்து எண்ணினாள்.

"ரூபி அக்கா, அண்டைக்குப் படம் எடுக்கக்குள்ள பத்துத் தரம் கமராச் சத்தம் கேட்டது. நான் விரல் மடிச்சி எண்ணினனான். இஞ்ச ஒம்பதுதான் இரிக்கி. மத்தது எங்க?"

"ராத்தா, உடுங்க" என்றாள் சுஹைரா.

"நீ சும்மா இரி. நாளைக்கு மாப்பிள்ளைட போனுக்கு வந்தாப் பிறகா தேடுற?"

நானும் எண்ணினேன். ஒன்பதுதான். ஒவ்வொன்றாக உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆறாவதில் சுஹைராவுக்கு இரண்டு முகம்.

"இஞ்ச பாருங்கோ. இந்தக் கமராவில ஷட்டரை இறுக்க ஒரு பிடி, பிலிமைச் சுற்ற வேற பிடி. நான் உங்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி ஒருக்கா பிலிமைச் சுற்ற மறந்திட்டன். ரெண்டு படமும் ஒரே இடத்தில விழுந்திட்டுது."

"அப்ப இந்த வெறுந்துண்டு?"

"பத்தாவதுக்குரிய இடம். வெளிச்சம் படாததால கண்ணாடி மாதிரிக் கிடக்கு. ஓரத்தில பாருங்கோ, தொழிற்சாலையில அடிச்ச இலக்கங்கள். நடுவில ஒண்டை வெட்டி எடுத்திருந்தா வரிசை முறியும்."

றுக்கியா துண்டுகளை முனையோடு முனை வைத்து இலக்கங்களை வாய்விட்டு வாசித்தாள். முறியவில்லை.

"சரி, பிலிம் சரி. கடதாசியில அடிக்கக்குள்ள பிழைச்சா என்ன செய்யிற?"

"எடுத்த எடுப்பில சரியா வராது. சின்னத் துண்டுக் கடதாசியில அஞ்சு செக்கன், பத்து செக்கன் எண்டு வெளிச்சம் குடுத்துப் பார்த்து..." சொல்லிக்கொண்டு போனவள் இருட்டறைப் பக்கம் திரும்பினேன்.

றுக்கியா இருட்டறைக்குள் போய் மேசையின் கீழிருந்த கழிவு வாளியைத் தூக்கி வந்து தரையில் கவிழ்த்தாள். சுஹைராவின் கண் ஒரு துண்டில். கழுத்து மாலை இன்னொன்றில். கறுத்துப்போன முழு முகம் ஒன்று. சுஹைரா மண்டியிட்டு அவற்றைப் பொறுக்கினாள். என்னைப் பார்க்கவில்லை.

"இந்த வாளி எங்க போகும்?" றுக்கியா கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை குப்பை வண்டிக்கு."

"எத்தின வருசமா?"

பதினொரு வருடம். நானும் தரையில் குந்தி, கறுத்த முகத்தை எடுத்துச் சுஹைராவிடம் நீட்டினேன்.