ஈயத்தலைக்கு இரண்டு பூச்சு

பள்ளிப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு வெர்னா வீட்டுக்கு வந்து சேரும்போது காலையும் முடிந்திருக்காது, மதியமும் தொடங்கியிருக்காது. பிற்பகலில் பிள்ளைகளைத் திரும்ப ஏற்றப் போக வேண்டும். நடுவே கிடைக்கிற அந்தப் பொழுதுக்குள்தான் சமையல், துணி, மருந்துக்கடை, கணவன் ஓர்வில்லைக் குளிப்பாட்டிவிடுவது எல்லாம் நடந்தாக வேண்டும். மார்ச் கடைசியில் இவற்றோடு கராஜ் வேலையும் வந்து சேர்ந்துகொண்டது.

அக்டோபரில் ஓர்வில்லுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பேருக்கு இருந்தன. பேச்சு திரும்பியது, ஆனால் மனதில் இருப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. உப்பைக் கேட்க நினைத்து "ஏணி" என்பான். தவறு தனக்கே தெரிந்து முகம் சுண்டிப்போகும். பிறகு அன்று முழுக்க வாயே திறக்க மாட்டான். குளிர்காலம் மொத்தத்தையும் சமையலறை ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பனியைப் பார்த்தே தீர்த்துவிட்டான்.

கை நன்றாக இருந்த நாளில் அவன் வார்த்துவைத்த ஜிக்குகள், கழுத்தில் ஈயக் குண்டு உட்கார்ந்த தூண்டில் முட்கள், ஒரு காபி டப்பா நிறைய கராஜில் கிடந்தன. எல்லாம் வெறும் ஈயம். வண்ணம் ஏறவில்லை. ஆண்டுதோறும் ஃபாக்ஸ் ஆற்றில் பனி உடைந்து வால்ஐ மீன் முட்டையிட ஏறி வருவதற்குள் ஓர்வில் அவற்றுக்குப் பூச்சு கொடுத்து, சுட்டு, தம்பி டெல்மரோடு படகில் போவான்.

"அவருக்குப் பிடிச்ச விஷயத்துக்குள்ள மறுபடியும் கூட்டிட்டுப் போங்க," என்று பயிற்சி கொடுக்க வரும் பெண் சொல்லிவிட்டுப் போனாள். சொன்னவளுக்கு ஒரு வாக்கியம். வெர்னாவுக்கு அது இன்னொரு வேலை.

டெல்மர் வேறு தினமும் வாசலில் வந்து நின்றான்.

"ஐஸ் உடைஞ்சிருச்சு வெர்னா. மீனு ஏறுது. நீ என்னடான்னா இன்னும் ஈயத்தை அப்படியே வெச்சிருக்க."

"நீ வந்து பூச்சு அடிச்சுக் குடேன். கையென்ன வாடகைக்கா விட்டிருக்க?"

"நான் அடிச்சா மீனு சிரிச்சே செத்துரும். அண்ணன் பண்றத பக்கத்துல இருந்து பார்த்தவ நீதான?"

பார்த்தவள்தான். சலவை இயந்திரத்துக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்ததற்குப் பெயர் பார்த்ததென்றால்.

பூச்சுக்கான வண்ணத் தூள் மலிவுச் சரக்கு. இரும்புக் கேட்டுகளுக்குப் பூச்சு அடிக்கும் பட்டறையில் மிஞ்சுவதை ஓர்வில் பையாக வாங்கி வருவான். குளிரில் கிடந்து அது கட்டிதட்டிப் போயிருந்தது. வெர்னா தன் பழைய நைலான் காலுறை ஒன்றைக் கிழித்து அதில் சலித்தாள். ஆரஞ்சு இல்லை, சிவப்பும் மஞ்சளும் இருந்தன. இரண்டையும் ஒரு ஜாடியில் போட்டுக் குலுக்கினாள். ஜாடியில் பார்க்க ஆரஞ்சாகத்தான் இருந்தது. அனல் காற்றை ஊதும் ஹீட் கன்னால் ஈயத்தைச் சூடாக்கி, தூளில் ஒரு முக்கு முக்கி எடுத்தாள். உருகிப் படிந்தபோது அம்மை போட்ட மாதிரி மஞ்சளில் சிவப்புப் புள்ளிகள். தண்ணீர்ப் பெயிண்ட்போல இது ஒன்றுக்குள் ஒன்று கரையாது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சூடு கூடியவற்றில் மூக்குச் சளிபோலப் பூச்சு வழிந்து தொங்கியது. சூடு குறைந்தவற்றில் ஊதினாலே உதிர்ந்தது. நூல் கட்டும் கண்ணெல்லாம் அடைத்துப்போயிற்று.

போகட்டும் என்று ஒரு வரிசையைக் கம்பியில் மாட்டி, பழைய டோஸ்டர் ஓவனுக்குள் தொங்கவிட்டுக் குமிழைத் திருப்பினாள். சுட்டால்தான் பூச்சு கல்லாக இறுகும். கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தாள். ஓவனின் இளஞ்சூடு முழங்காலில் பட்டது. அவ்வளவுதான், கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

கதவு இடிபடும் சத்தத்தில் விழித்தாள். கராஜெங்கும் புகை. வாசற்படியில், பாதி உருகிப் பாதி உறைந்த பனியில், ஊன்றி நடக்கும் சட்டத்தை இடது கையால் பிடித்தபடி ஓர்வில் நின்றிருந்தான். காலில் வீட்டுச் செருப்பு. சமையலறையிலிருந்து அவ்வளவு தூரம் தனியாக அவன் வந்ததே இல்லை.

அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வந்த உயிரோடு கோபமும் வந்தது.

"என்ன பண்ற நீ? விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா யாரு தூக்குறது? ஒத்தை ஆளா நான் எத்தனையத்தான் தூக்குவேன், சொல்லு! பஸ்ஸைத் தூக்குறேன், வீட்டைத் தூக்குறேன், உன்னைத் தூக்குறேன்..."

சொல்லி முடிக்குமுன்பே சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஓர்வில் அவளைப் பார்க்கவில்லை. ஓவனைப் பார்த்தான்.

"அணை," என்றான். சொல் சரியாக வந்ததில் அவனே கொஞ்சம் திகைத்தான். "அணை! சூடு... சூடு."

அணைத்தாள். உள்ளே தொங்கியவை கருகிய பயறுபோல இருந்தன. அவன் ஒன்றை இடுக்கியால் எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, "மாடு," என்றான். எதற்குப் பதிலாக மாடு வந்ததென்று தெரியவில்லை. இருவருமே ஒரு கணம் யோசித்தார்கள்.

"மாடுதான். மாட்டுச் சாணி மாதிரிதான் இருக்கு," என்றாள் வெர்னா.

அவன் உதட்டின் ஒரு பக்கம் மேலேறியது.

அன்று அவனை வாளியில் உட்காரவைத்து, அவள் நின்றுகொண்டு செய்தாள். அவன் வெள்ளைத் தூள் ஜாடியைத் தட்டி "பால்" என்றான். பிறகு மஞ்சளைத் தட்டி, கையை மேலே வைத்துக் காட்டினான். முதலில் வெள்ளை, அதன்மேல் மெல்லிசாக மஞ்சள். கலக்கக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். முக்குவதற்கு அவன் செய்துவைத்திருந்த ஜாடி உண்மையில் அடியில் காபி வடிதாள் ஒட்டிய ஒரு குழாய்த் துண்டு. மீன்தொட்டிக் காற்றுப் பம்பை அதில் மாட்டச் சொல்லிக் காட்டினான். தூள் கொதிக்கும் பால்போல எழும்பியது; சூடான ஈயத்தை அதில் காட்டினாலே போதும், சீராக ஒட்டிக்கொண்டது. ஈரம் பட்ட மாதிரி மினுக்கம் வந்ததும் கையை அசைத்தான்: போதும். கண் அடைபடும்போதெல்லாம் இறுகும் முன்பே ஊசியால் குத்தச் சொன்னான். ஓவன் சூட்டைக் குறைத்து, பக்கத்திலேயே இருந்தான். ஆறியதை அவள் சிமெண்ட் தரையில் ஓங்கி அடித்தாள். பூச்சு தெறிக்கவில்லை. எலுமிச்சைபோலப் பளிச்சென்றிருந்தது.

பிற்பகல் ஓட்டத்துக்குப் பேருந்தை எடுக்கக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனாள்.

அதன் பிறகு தினமும் ஓர்வில் தானே கராஜுக்குக் கிளம்பினான். வெர்னா பனி உருகப் படியில் உப்பைத் தூவி, அவன் இடுப்பைப் பிடித்து இறக்குவாள். டப்பா காலியாகிக்கொண்டு வந்தது. அவன் தேறுகிறான் என்று அவள் நம்பத் தொடங்கினாள். அந்த நம்பிக்கையும் ஒரு சுமைதான். அதையும் அவள்தான் தூக்கினாள். டெல்மர் தன் படகில் முதுகுச்சாய்வுள்ள நாற்காலியொன்றை முடுக்கி, வார் வைத்துக் கட்டினான். சனிக்கிழமை ஓர்வில்லை ஆற்றுக்குக் கூட்டிப்போவதென்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் டெல்மர் தன் மனைவி ஜோயனோடு படகை வண்டியில் இழுத்துக்கொண்டு வந்தான். வெர்னா ஓர்வில்லுக்கு இரண்டு காலுறை, கம்பளித் தொப்பி, கோட்டு எல்லாம் மாட்டியிருந்தாள். ஃப்ளாஸ்கில் காபி, தாளில் சுற்றிய சாசேஜ் ரொட்டி. எல்லாம் தயார். ஓர்வில் மட்டும் எழவில்லை.

"கிளம்புண்ணே. ராஜா மாதிரி சிம்மாசனம் போட்டு வெச்சிருக்கேன்."

"வேண்டாம்."

"குளிருக்குப் பயந்துட்டியா? ஐஸை உடைச்சுக்கிட்டுப் போன ஆளு நீ."

"வேண்டாம், டெல்."

வெர்னா கோட்டுப் பித்தானைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்புறம் எதுக்கு ஓர்வில்? இத்தனை நாளா கராஜுல நின்னு, கருகி, கண்ணெரிஞ்சு, எதுக்குப் பண்ணினோம்? நீ ஆத்துக்குப் போவேன்னுதானே?"

அவன் வெகுநேரம் சொல்லைத் தேடினான். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"படகுல நான்... மூட்டை. மூட்டை வேண்டாம்." பிறகு ஜன்னல் வழியே கராஜைக் காட்டினான். "அங்க நான்... ஆள்."

டெல்மர் தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜோயன் போய்க் குழாயைத் திறந்து, கழுவ ஒன்றுமில்லாத தொட்டியில் கழுவினாள்.

ஓர்வில் இடது கையால் வெர்னாவின் தோளைத் தட்டினான். "நீ போ."

"நானா? எனக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாது."

"போ. உக்காரு. அங்க உக்காரு."

"நான் இவரோட இருக்கேன்," என்றாள் ஜோயன் தொட்டியிலிருந்து திரும்பி. "சீட்டாடுவோம். எனக்கு ஏமாத்தி ஆடத்தான் வரும். அவரு வாயைத் திறந்து கேக்க மாட்டாரு, எனக்கு வசதி."

"கேப்பேன்," என்றான் ஓர்வில், தெளிவாக.

ஆறு பழுப்பாகக் கலங்கி ஓடியது. பாலத்தடியில் படகுகள் அடைத்துக்கொண்டு நின்றன. டெல்மர் நங்கூரத்தை இறக்கி, ஒரு மஞ்சள் ஜிக்கை நூலில் கட்டி, தூண்டிலை அவள் கையில் கொடுத்தான்.

"அடியில தட்டுப்படுற வரைக்கும் விடு. அப்புறம் மெதுவா தூக்கித் தூக்கி விடு. கொத்துனா உனக்கே தெரியும்."

அண்ணனுக்காக வார் வைத்துக் கட்டிய நாற்காலியில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குச் சாய்வு இருந்தது. கீழே தண்ணீர் படகைத் தொட்டிலாட்டியது. யாருக்கும் மாத்திரை கொடுக்க வேண்டியதில்லை. பின்னிருக்கையில் யாரும் சண்டை போடவில்லை. தூண்டிலை இரண்டு முறை தூக்கிவிட்டாள். மூன்றாவதாகத் தூக்கினாளா என்பது அவளுக்கு நினைவில்லை.

விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. டெல்மரின் கோட்டு அவள் மேல் கிடந்தது. அவளுடைய தூண்டில் அவன் காலிடுக்கில் இருந்தது.

"ஏன்டா எழுப்பல?"

"எழுப்புறதா? நீ விட்ட குறட்டைக்கு எதிர்ப் படகுக்காரன் மோட்டாரு ரிப்பேருன்னு நெனச்சு உதவிக்கு வந்தான்." அவன் ஆற்றைப் பார்த்தே பேசினான். "உன் நூலும் ரெண்டு தடவை கல்லுல மாட்டி அறுந்து, ரெண்டு ஜிக்கு போயிருச்சு. போனாப் போகுது. அண்ணன்கிட்ட இன்னும் இருக்குமில்ல?"

"இருக்கும்."

வீட்டுக்கு வந்தபோது ஓர்வில்லும் ஜோயனும் கராஜில் இருந்தார்கள். ஜோயனை ஹீட் கன் பிடிக்கவைத்து அவன் இடது கையால் முக்கிக்கொண்டிருந்தான். பூச்சு ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து இருந்தது. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"மீன்?" என்று கேட்டான்.

"தெரியல. தூங்கிட்டேன்."

ஓர்வில் தலையாட்டினான். அவள் கன்னத்தில் நாற்காலி வாரின் தடம் பதிந்திருந்ததைப் பார்த்தான். டெல்மர் கொண்டுவந்த இரண்டு மீன்களையும் பார்த்தான். பார்வை மறுபடியும் அவளிடமே வந்தது.

"அடுத்த வாரமும் போ," என்றான்.

அவள் மறுக்கவில்லை. பூட்ஸைக் கழற்றக் குனியவும் அலுப்பாக இருந்தது. அப்படியே உள்ளே போய், சேற்றுக் காலோடு சோபாவில் படுத்துக்கொண்டாள். மீனைக் கழுவுவது இன்று அவள் வேலையில்லை.