மிதுனத்தில் அகப்பட்ட கிரகம்

1930ஆம் வருஷம். செலண்டார் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி விஜயரட்ணம், பெற்றவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்ததால், கல்யாண நாள் குறிக்கத் தானே மலாக்காப் பட்டணத்துப் பாச்சாங்கிலிருந்த சின்னாச்சி வீட்டுக்குப் போனான். மீசையில் அவன் தடவியிருந்த எண்ணெயில் ஊருக்கே அப்பளம் பொரித்திருக்கலாம். சின்னாச்சியின் மகள் அன்னம்மாவை ஒரே ஒரு தரம்தான் பார்த்திருந்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஜாதகம் பொருந்திவிட்டது, நாள்தான் பாக்கி.

வாயை மூடிக்கொண்டு கோப்பியைக் குடித்திருக்கலாம். குடித்தானா? பேப்பரில் படித்ததை எடுத்துவிட்டான்.

"மாமி, அமெரிக்காவிலே புதுசா ஒரு கிரகம் கண்டுபிடிச்சிருக்கினம். சூரியனை ஒருக்காச் சுத்த இருநூத்தைம்பது வருஷமாம்!"

"மெய்யே தம்பி?"

கதவுக்குப் பின்னால் அன்னம்மா நிற்பது தெரிந்தது. அவ்வளவுதான், விஜயரட்ணத்தின் நெஞ்சு மலாக்காக் கோட்டை வாசல் அகலத்துக்கு விரிந்துவிட்டது.

"இவ்வளவு பெரிய வானத்திலே அது எங்கை அகப்பட்டது தெரியுமோ? மிதுனத்திலே. என்ர ராசி, மாமி!"

சின்னாச்சி கோப்பியைக் கீழே வைத்தாள்.

"முப்பது வருஷத்திலே சுத்துற சனி பிடிச்சாலே ஏழரை வருஷம். இது பிடிச்சா?"

கணக்கில் புலியல்லவா மாப்பிள்ளை! "அறுபது வருஷம் சொச்சம்," என்றான் பட்டென்று.

சொன்ன பிறகுதான் விஷயம் உறைத்தது. "ஐயோ மாமி, அது வெறும் குளிர். ஒரு புழுகூட அங்கை உயிர் வாழ ஏலாது."

"சனியிலே மட்டும் ஆர் தம்பி குடியிருக்கினம்?"

மறுநாளே ஜாதகம் திரும்பி வந்தது. சமாதானம் பேசக் கல்யாணத் தரகர் நடந்த நடையில் பாச்சாங் தெரு இரண்டடி தாழ்ந்தது, சின்னாச்சி மசியவில்லை. தை பிறந்ததும் அன்னம்மாவை மூவாரில் ஒரு மேஷராசி வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டாள்.

சில வருஷம் கழித்து, மலாக்காவில் பிள்ளையார் கோயில் வாசலில் விஜயரட்ணம் அவளைக் கண்டான். இடுப்பில் குழந்தை. வாத்தியார் தேங்காய் வாங்கப் போயிருந்தார். அவள்தான் முதலில் பேசினாள்.

"அந்தக் கிரகத்தை நீங்கள் கண்ணாலே பாத்தனீங்களோ?"

"இல்லை. வெறுங்கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாத ஒண்டை ஏன் எங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

அத்தனை பெரிய வாய்க்காரன் மீசையைத் தடவிக்கொண்டான். அதற்குள் வாத்தியார் தேங்காயோடு வந்துவிட்டார். அவள் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போனாள்.