நெயில் பாலிஷுக்கு அடியில்

மலைப்பாதையில் விழுந்த மறுநாள், என் சைக்கிளின் கீழ்க்குழாயில், வெல்டிங்கை ஒட்டி மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. கணவர் பார்த்தால் வண்டியை விற்கச் சொல்வார் என்று, அதே சிவப்பில் நெயில் பாலிஷ் தடவி மறைத்தேன். கீறலா, விரிசலா என்று பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

ஐந்து மாதம் பயந்து பயந்து சமதரையில் மட்டும் ஓட்டினேன். மேடு வந்தால் முழங்கால் வலி என்று இறங்கித் தள்ளினேன். சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் நிஜமாகவே வலித்தது.

இன்னும் இரண்டு வாரத்தில் மறுபடி மலைப்பாதைப் பயணம் இருந்தது. ஃபிரேமை நம்பி ஏற வேண்டும், இல்லையென்றால் தூக்கிப் போட வேண்டும். புது பெயிண்ட் அடிக்கப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சக்கரம், பெடல், ஹேண்டில் எல்லாம் கழற்றி, பால்கனியில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தேன்.

"என்ன, வண்டிக்கு மேக்கப் கலைக்கிறியா?" என்றார் கணவர். சிரித்து வைத்தேன்.

லேத் பட்டறையில் வேலை பார்க்கும் நாத்தனாரிடம் மட்டும் போனில் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிடாதீங்க அண்ணி. உலோகம் இழுபட்டு விரிசலோட வாயை அடைச்சிடும். அப்புறம் நீங்க தேடினாலும் கிடைக்காது."

என் கைக்கு அதுதான் வேண்டியிருந்தது. வெறியோடு தேய்த்து, வழவழப்பாக்கி, ஒன்றுமில்லை என்று எழுந்துவிட வேண்டும். உப்புத்தாளை எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தேன்.

கையுறை மாட்டி, பெயிண்ட் ரிமூவரைப் பூசிக் காத்திருந்தேன். பெயிண்ட் பாலாடை போலச் சுருங்கி எழுந்தது. பிளாஸ்டிக் தகட்டால் வழித்தேன். பாலிஷ் போனது, சிவப்பு போனது, அடிப்பூச்சு போனது. மங்கலான அலுமினியம் மிச்சமிருந்தது. கோடு தெரியவில்லை. ஆனால் என் கண்ணை நான் நம்புவதாக இல்லை.

நாத்தனார் சொன்னபடி மண்ணெண்ணெய் தடவி, அரைமணி நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசினேன். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் வெள்ளையில் கசிந்து கோடு போடும்.

அது கசிகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே கணவரைக் கூப்பிட்டேன். முடிவு தெரிந்த பிறகு சொன்னால், அது இன்னொரு பூச்சு பாலிஷ்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் குனிந்து குழாயைப் பார்த்தார்.

"அஞ்சு மாசமா அந்த முழங்காலுக்கு நான் மருந்து தேய்ச்சேனே."

பக்கத்தில் உட்கார்ந்தார். டார்ச் அடித்துப் பார்த்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தேன். அப்போதும் கோடு விழவில்லை; கீறல் பெயிண்ட்டோடு போயிருந்தது.

அதன் பிறகுதான் உப்புத்தாளைத் தொட்டேன். அன்றிரவு அவர் தனியாகச் சாப்பிட்டு எழுந்து போனார். மறுநாள்தான், என்ன கலர் என்று கேட்டார்.

"கலரே வேண்டாம். உள்ள இருக்கிறது தெரியட்டும்."

நிறமில்லாத வார்னிஷை மூன்று கை அடித்துக் காயவைத்தேன். வெல்டிங்கின் ஒவ்வொரு புடைப்பும் அப்படியே தெரிந்தது. அழகு என்று சொல்ல முடியாது.

மலைப்பாதையில் முதல் மேடு வந்தது. முழங்கால் வலித்தது. நான் இறங்கவில்லை.