பதினாறாம் நாளுக்கு ஒரு பக்கம்

கண்ணுக்கு நேர் மேலே தலைகீழாக ஒரு முகம், ஒற்றைக்கல் மூக்குத்தி, நெற்றியில் வியர்வை, கையில் சொட்டுமருந்துக் குப்பி, துளி விழாமல் தொங்குகிறது, கண்ணத் தொறந்தாத்தான மருந்து உள்ள போகும், என்று தனபாக்கியம் அந்தக் குப்பியிடம் சொல்கிறாள், குப்பிக்குக் கண் ஏது, ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடக்கிற இந்திராணிதான் திறக்கிறாள், துளி விழுந்து எரிகிறது, இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று இந்திராணி வெள்ளைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குத் தனபாக்கியத்துக்குப் பதினாறாம் நாள், மண்டபத்தில் படத்திறப்பு, சித்தி, நீங்க தமிழ் டீச்சரு, அம்மாவப் பத்தி ஒரு பக்கம் நீங்கதான் எழுதி வாசிக்கணும், என்று தனபாக்கியத்தின் மகன் செந்தூர்பாண்டி பேனாவையும் சேர்த்தே வைத்துவிட்டுப் போயிருந்தான். அண்ணனைக் கட்டியவள் தனபாக்கியம், தம்பியைக் கட்டியவள் இந்திராணி, இவளுக்கு மகள் ரேவதி, முப்பத்தாறு வருடம் ஒரே வீடு, ஒரே அடுப்படி, அதில் கடைசிப் பதினோரு வருடம் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, தெருவுக்கே தெரிந்த இந்த விஷயம் செந்தூர்பாண்டிக்கு மட்டும் தெரியாததுபோல ஒரு பக்கம் கேட்கிறான்.

எழுதத் தெரியாமல் இல்லை, ஓய்வு பெற்றதிலிருந்து விருதுநகரில் யார் போனாலும் இரங்கலுரை அவள் கையால்தான், அன்பின் சிகரமாகத் திகழ்ந்தவர், என்று பேனா தானாக ஓடிவிட்டது, போன வருடம் பள்ளிச் செயலருக்கும் இதே சிகரம்தான், அந்த மனிதரை அவர் வீட்டு நாய்க்கே பிடிக்காது, எழுதியதைக் கோடு போட்டு அடித்தாள், பரிவுடன் பழகுபவர், அதையும் அடித்தாள், தனபாக்கியம் எங்கே பரிவாகப் பழகினாள், வெடுக்கென்று பேசுவாள், ஆனால் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிடுவாள், சாத்தூரில் தனபாக்கியத்தின் அம்மா செத்துப்போன அன்றைக்கு இந்திராணிக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மேற்பார்வை வேலை, லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், அவள் கேட்கவில்லை, தான் இல்லாமல் பரீட்சையே நடக்காது என்று ஒரு நினைப்பு, மூன்றாம் நாள்தான் போய் நின்றாள், பரீட்சையெல்லாம் முடிஞ்சிருச்சா டீச்சர், என்று கேட்டுவிட்டுத் தனபாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், இந்திராணி என்று பேர் சொல்லாமல் டீச்சர் என்றாள், அதுதான் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு. மன்னிச்சிருங்கக்கா, என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், முதல் வாரம் ரோஷம், அப்புறம் வெட்கம், அதற்கப்புறம் பழகிப்போயிற்று.

பேசாமலும் இருந்துவிட முடிந்ததா, அதுவும் இல்லை, சோறு ஆறுது, திங்கிறவுக திங்கலாம், என்று தனபாக்கியம் பானையிடம் சொல்வாள், இன்னைக்கு எனக்குப் பசி இல்லை, என்று இந்திராணி கிரைண்டரிடம் சொல்வாள், பசி இல்லேன்னா மாத்திரைய எப்படி முழுங்குறதாம், என்று பதில் தாளிக்கிற கரண்டிக்குப் போகும், கண் ஆபரேஷனின்போது இருபது நாள் வேளை தவறாமல் மருந்து விட்டவளிடம் ஒரு நன்றிகூட நேராகச் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னாள், சுவர் அதைத் தானே வைத்துக்கொண்டதா அவளிடம் கொடுத்ததா என்று தெரியாது. நினைக்க நினைக்க ஒன்று புரிந்தது, தாளில் எழுதிக்கொண்டிருப்பதும் அதே வேலைதான், ஆளை எதிரில் வைத்துக்கொண்டு அவளைப் பற்றி ஊராரிடம் சொல்வது, இதில்தான் பதினோரு வருடமாகத் தேறியிருக்கிறாளே, தாளைக் கிழித்துப்போட்டாள், அழுகை வந்தது, அழுதாள்.

மண்டபத்தில் துணியை விலக்கினார்கள், அதே முகம், இப்போது நேராக, மாலைக்கு நடுவில், வெறுங்கையோடு இந்திராணி மைக்கைப் பிடித்தாள், சபைக்கு முதுகைக் காட்டிப் படத்தின் பக்கம் திரும்பினாள், சித்தி, ஆளுக இந்தப் பக்கம் இருக்காக, என்றான் செந்தூர்பாண்டி, இருக்கட்டும்யா, எனக்கு இவுககிட்டதான் பேச்சு, என்றாள். அக்கா, என்று கூப்பிட்டாள், ஒங்க அம்மா செத்தன்னைக்கு நான் பரீட்சைக்குப் போயிருக்கக் கூடாது, வந்து ஒங்க பக்கத்துல உக்காந்திருக்கணும், தப்பு என்னோடதுதான், மன்னிச்சிருங்க. மைக் அதை வாசல்வரை கொண்டுபோனது, இலை போட்டுக்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள், முடிந்துவிட்டது என்று நினைத்துச் செந்தூர்பாண்டி மைக்கை வாங்கக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை. நம்ம ரேவதிக்குப் பொண்ணு பொறந்திருக்குக்கா, ஆறு வயசாகுது, ஒங்களுக்குத் தெரியும், தூக்கி வளத்ததே நீங்கதான், ஆனாலும் நான் ஒங்ககிட்ட சொல்லலையில்ல.