கறுப்புப் பந்தும் இடது காலும்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மற்ற ஆண்களைப் போல என் வீட்டுக்காரரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கலாம். அவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். லைசென்ஸும் வாங்கிவிட்டார். கிளப்பில் வாடகைக்குக் கிடைக்கும் குட்டி விமானம், இரண்டே சீட். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குக் கரையைச் சுற்றி பஸ்ஸில் போக ஒரு பகல் முழுக்க ஆகும். இதில் ஒரு மணி நேரம். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்" என்று சொல்லிச் சொல்லியே படித்தார் மனுஷர்.

ஏறிய இரண்டு தடவையும் நான் வாந்தி எடுத்தேன். நேராகப் போகும்வரை ராஜபோகம். திரும்ப ஆரம்பித்ததும் குடல் வாய்க்கு வந்துவிடும். "உனக்கு வயிறு வீக்கு" என்றார். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு என்னுடையது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னொரு தடவை பாப்பேன். அப்பவும் வந்துச்சுன்னா நீங்க பறந்து போங்க, நான் பஸ்ல வரேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். குமட்டும்போது ஏதாவது ஒரே இடத்தைப் பார் என்று அவர்தான் சொன்னார். நான் பார்த்தது எதிரே இருந்த ஒரு வட்டக் கருவியை. அதில் சின்னதாக ஒரு விமானப் படம். நாங்கள் திரும்பும் பக்கமே அதுவும் சாயும். அதற்குக் கீழே, வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கறுப்புப் பந்து. நேராகப் போகும்போது நடுவில் இரண்டு கோடுகளுக்கிடையே சமர்த்தாக நிற்கும். இடப்பக்கம் திரும்பினால் போதும், அதுவும் இடப்பக்கம் உருண்டுவிடும். அதன் பின்னாலேயே என் வயிறும் போகும்.

சாப்பிடும்போது கேட்டேன். "அந்தப் பந்து எதுக்குங்க?"

நான் கேட்டதே அவருக்குப் பெருமை. "திரும்பும்போது கை மட்டும் திருப்பினா போதாது, கீழ இருக்கிற பெடலைக் காலும் மிதிக்கணும். ரெண்டும் ஒத்துப்போனா பந்து நடுவுல நிக்கும். இல்லன்னா ஓடும். எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கத்துக் கால மிதிச்சா திரும்பி வந்துடும்."

"நீங்க மிதிக்கிறீங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தானா வரும்."

எங்கே வந்தது? கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வாங்கிய நாளிலிருந்து இவருடைய இடது காலுக்கு வேலையே கிடையாது. இவருக்கு முன்பே அது ஓய்வு பெற்றுவிட்டது. பரீட்சை அன்றைக்கு மிதித்திருப்பார். பாஸானதும் மறந்திருப்பார். நாமெல்லாம் பரீட்சைக்குப் படித்ததை வேறென்ன செய்தோம்?

மூன்றாவது தடவை ஏறினோம். மேலே போய் இடப்பக்கம் திரும்பினார். பந்து உருண்டது.

"இடது கால்" என்றேன்.

"கார்லதான் பக்கத்துல உக்காந்து நீ ஓட்டுவ. இங்கயுமா?"

வாயை மூடிக்கொண்டேன். வயிறு மூடிக்கொள்ளவில்லை. வாந்தி எடுக்கக் கொண்டுவந்த காகிதப் பையைப் பிரித்து மடியில் வைத்தேன். அந்தச் சத்தம் கேட்டு அவர் என்னைப் பார்த்தார். பஸ் டிக்கெட் அவர் கண்ணிலேயே தெரிந்தது.

"என்னைப் பாக்காதீங்க. பந்தைப் பாருங்க."

பார்த்தார். வெட்கமோ கோபமோ, காது சிவந்தது. காலை மெல்ல அழுத்தினார். பந்து நகர்ந்து நடுவில் வந்து நின்றது. பக்கவாட்டில் என்னை இழுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விட்டுப்போனது. விமானம் சாய்ந்துதான் இருந்தது, நான் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தேன். கீழே கடல் அவ்வளவு அழகாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன்பிறகு அவசியமே இல்லாமல் இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். பையை மடித்து உள்ளே வைத்தேன்.

தரையிறங்கி, எஞ்சினை நிறுத்தியும் பெல்ட்டைக் கழற்றாமல் இருந்தார். மனசு நோகச் சொல்லிவிட்டோமோ என்று எனக்கு உறுத்தியது. அவர் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அடுத்த வாரம் ரெண்டு பேரும் வரோம். அம்மா வயித்துல ஒண்ணும் இல்லம்மா, கோளாறெல்லாம் என் கால்ல." அவள் ஏதோ கேட்டாள். "தனியாவா? உங்க அம்மா பக்கத்துல உக்காரலன்னா நான் இனிமே ஓட்டறதா இல்ல."