மூன்று கட்டளைகளும் ஒரு புள்ளியும்

வானாய்வு நிலையத்தில் அவளுக்குச் சொந்தப் பெயரே இல்லை. அவசரக்குடுக்கை என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

அன்று அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. மூன்று இரவுகளில் எடுத்த படங்களில், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு மங்கலான புள்ளி இடம் மாறியதாக அவளுக்குப் பட்டது. ஐந்து மணிக்குள் அதை உறுதி செய்தால் பெரிய தொலைநோக்கி இன்றே அந்தப் புள்ளியின் பக்கம் திரும்பும். தவறினால் வேறு குழுவுக்குப் போய்விடும். நாளையிலிருந்து ஒரு வாரம் மேகமாம். புள்ளி கைநழுவிப் போகும்.

மணி மூன்று. கணினிக்கு ஒன்றரை மணி நேர வேலை. நாலரைக்கு மகளின் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். அதனால் மடிக்கணினியை மூடிய பிறகும் கீழ்த்தளத்து லினக்ஸ் கணினியில் வேலை பின்னணியில் ஓடியாக வேண்டும். மடமடவென்று மூன்று வரி தட்டினாள்: படங்களைப் பிரி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்து, நகர்ந்ததைத் தேடு. பின்னணிக்கு அனுப்ப வரியின் முடிவில் '&' போட வேண்டும் என்று தெரியும். தாராள மனசு, மூன்று வரியிலும் போட்டாள்.

கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. 'புதியது: 0'.

அவளுக்கு அழுகை முட்டியது. தொலைநோக்கி வேண்டாம் என்று கடிதம்கூட எழுத ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள் அவளுடைய அண்ணி. அண்ணி வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஒன்றரை மணி நேர வேலை ஒரு நொடியில எப்படிம்மா முடியும்?"

"முடிஞ்சிடுச்சே அண்ணி."

"எங்க முடிஞ்சுது? மூணையும் ஒண்ணா கிளப்பி விட்டிருக்க. முதல் வேலை படத்தையே இன்னும் பிரிக்கல, அதுக்குள்ள மூணாவது போய்த் தேடிட்டு ஒண்ணுமில்லைன்னு கைய விரிச்சிடுச்சு. எல்லாம் உன்னை மாதிரிதான்."

திட்டு வாங்கியும் அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்படியானால் அந்தப் பூஜ்யம் பொய்!

அண்ணி ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். மூன்று கட்டளைகளையும் ஒரே மேற்கோளுக்குள் அடைத்து, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லிடம் கொடுத்தாள். ஒன்று ஒழுங்காக முடிந்தால்தான் அடுத்தது என்று நடுவில் '&&' வைத்தாள். இணைப்பு அறுந்தாலும் நிற்காமலிருக்க முன்னால் நோஹப் என்ற கட்டளை, மேற்கோளுக்கு வெளியே கடைசியில் ஒரே ஒரு '&'.

"இப்ப மூடிட்டுப் போ. முடிஞ்சதும் உன் போனுக்கே வரும்."

பள்ளி வாசலில் அவள் பத்து தடவை கைப்பேசியைப் பார்த்தாள். நாலு நாற்பத்தைந்துக்கு அது அதிர்ந்தது. 'புதியது: 1'.

நிலையத்திலிருந்த அண்ணிக்குப் போன் போட்டு, புள்ளி இருக்கும் இடத்தின் எண்களைச் சொல்லும்போதே கண்ணீர் கொட்டியது. வெளியே வந்த மகள் பயந்துபோனாள்.

"அம்மா, யாராவது செத்துப் போயிட்டாங்களா?"

"இல்லடி," என்று அவளை இறுக்கிக்கொண்டாள். "புதுசா ஒண்ணு வந்திருக்கு. இப்போதைக்கு நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்."