விறகின் மேல் போட்ட பழி

நவம்பர் பிறந்துவிட்டால் ஓரின் பெல்கிக்குக் கை சும்மா இருக்காது. எல்லா ஜன்னலுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவார், கதவிடுக்கில் நுரைப்பட்டை திணிப்பார். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து வடகோடிக் குளிருக்கு எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஓரின் மாதிரி யாரும் செய்ய முடியாது என்பது ஓரினின் கட்சி. "எறும்பு மூச்சுகூட உள்ள வராது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். இந்த வருஷம் அது போதாதென்று, பழைய செங்கல் கணப்புக்குள் இரும்பு விறகடுப்பு ஒன்றைப் பொருத்தி, புகைபோக்கியின் உச்சியிலிருந்து எஃகுக் குழாயும் தானே இறக்கியிருந்தார்.

அடுப்பு எங்கே ஒழுங்காக எரிந்தது? அடுப்புக் கதவைத் திறந்தால் போதும், மேலே போக வேண்டிய புகை கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். மனைவி ஆர்லீன் இருமி இருமித் துவண்டு போனாள். ஓரின் ஓடிப்போய்ச் சமையலறையின் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவார். புகை இன்னும் கூடும். தன் கைவேலையில் குறை இருக்கலாம் என்று அந்த மனுஷனுக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. விறகு காயவில்லை, கோளாறு அதில்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

விறகு கொடுத்தவர் லூசியன் டேகிள். ஈர விறகால் ஆர்லீன் இருமிச் சாகிறாள் என்று அவரிடமே போய்ச் சத்தம் போட்டார் ஓரின். முப்பது வருஷமாக ஊருக்கு விறகு போடுகிறவர், பள்ளியில் ஓரினோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்.

"ரெண்டு கோடை கொட்டகையில காஞ்ச மேப்பிள் மரம் அது. நீ அடுப்பைப் பாரு, ஓரின்" என்று மட்டும் சொன்னார் லூசியன்.

கேட்டால்தானே! சனிக்கிழமை காலையில் ஊரே தன் தன் குப்பையைக் கொண்டுவந்து கூடும் கிடங்குக்கு அந்த விறகில் ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு போனார் ஓரின். லூசியனை எதிரில் வைத்துக்கொண்டே அதை உயர்த்திக் காட்டினார்.

"இதை நட்டு வச்சா வசந்தத்துல துளிர் விடும். டேகிள் விறகு விக்கல, மரக்கன்னு விக்கிறான்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லூசியன் காது சிவக்கத் தன் குப்பை மூட்டையைப் போட்டுவிட்டு, வண்டியேறினார். அந்த வாரமே ஐந்து வீடுகள் பக்கத்து ஊர்க்காரனிடம் விறகு வாங்கப் போய்விட்டன.

இரண்டு வாரம் கழித்து, ஆர்லீனின் நச்சரிப்பு தாங்காமல், புகைபோக்கி சுத்தம் செய்யும் கோராவை வரவழைத்தார் ஓரின். கோரா கூரையேறிப் பார்த்தாள், குழாயில் அடைப்பில்லை. இறங்கி வந்து ஒரு கட்டையைப் பிளந்து, உள்பக்கத்தில் ஈரம் பார்க்கும் மீட்டரைக் குத்தினாள்.

"ஈரம் பதினாறு சதவீதம்தான் காட்டுது. இவ்வளவு காஞ்ச விறகை இந்த வருஷம் நான் எங்கயும் பாக்கல. யாரு சார் குடுத்தது?"



"லூசியன்" என்றாள் ஆர்லீன்.

கோரா அடுப்பை மூட்டியதும் புகை கூடத்துக்குச் சுருண்டு வந்தது. சமையலறையில் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. கோரா போய் அதை அணைத்தாள். அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலின் பிளாஸ்டிக்கைக் கிழித்து, நாலு விரல் அளவுக்குத் திறந்தாள். வெளியே வந்துகொண்டிருந்த புகை திரும்பி அடுப்புக்குள் போயிற்று. தீ நிமிர்ந்து எரிந்தது.

"வீடு மூச்சு விட வழியே வைக்கலையே, சார். ஃபேன் காத்தை வெளிய தள்ளுது. அதுக்குப் பதிலா உள்ள வர்ற காத்து புகைபோக்கி வழியாத்தான் இறங்குது. புகை போகணும்னு நீங்க போட்ட ஃபேன்தான் புகையை உள்ள இழுத்திருக்கு."

 ஆர்லீன் கணவரைப் பார்க்கவில்லை.  ஓரினுக்கு லூசியனின் சிவந்த காதுதான் கண்ணுக்குள் நின்றது.

சனிக்கிழமை, அதே கட்டையோடு கிடங்குக்குப் போனார். லூசியன் அங்கே இல்லை. இப்போதெல்லாம் அவர் ஆளில்லாத புதன்கிழமையில்தான் வருகிறாராம். ஓரின் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் உள்ளதைச் சொன்னார்.

"அப்ப மூச்சு முட்டினது உன் வீட்டுக்கா, உன் மூளைக்கா?" என்றான் ஒருவன். மறுபடி ஒரே சிரிப்பு. "பாவம் லூசியன். ஆனா எங்களுக்கு இந்தக் குளிருக்கு விறகு அடுக்கியாச்சே" என்று இன்னொருவன் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான்.

ஓரின் நேராக லூசியன் வீட்டுக்குப் போனார். கொட்டகையில் கூரையைத் தொடுகிற உயரத்துக்கு மேப்பிள் விற்காமல் கிடந்தது. லூசியன் சரிந்த வரிசையைச் சீராக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கிடங்குல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், லூசியன். உன் விறகுல ஒரு குத்தமும் இல்ல. மடத்தனம் என்னோடது. மன்னிச்சிரு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"அன்னைக்கும் சிரிச்சாங்க."

லூசியன் அடுத்த கட்டையை எடுத்து அடுக்கினார். வாசலுக்கு வந்த யாரையும் காபி குடிக்காமல் அனுப்பாத வீடு அது. இன்று உள்ளே வா என்ற சொல் வரவில்லை. வருமென்று ஓரினும் எதிர்பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்.

"ஓரின்."

நின்றார்.

"ஆர்லீனுக்கு இருமல் விட்டுச்சா?"

விட்டது என்று ஓரின் தலையை ஆட்டினார். இப்படிக் கேட்டதற்கு, லூசியன் கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. கையிலிருந்த கட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.